சேற்றுத் தூணில் நுண்ணுயிர்கள்: வீட்டிலேயே செய்து பார்க்க

ஒரு பாட்டில் குளத்துச் சேறு, ஊறவைத்த செய்தித்தாள், ஒரு தேக்கரண்டி ஜிப்சம், மேலே இரண்டு விரற்கடை தண்ணீர். வினோகிராட்ஸ்கி தூண் என்பது இவ்வளவுதான். வெளிச்சத்தில் வைத்து இரண்டு மாதம் தொந்தரவு செய்யாமல் விட்டால், பாட்டிலின் சுவரையொட்டி கருப்பு, பச்சை, ஊதா, துருநிறம் என்று பட்டை பட்டையாக பாக்டீரியாக்கள் தெரியும். வெளியிலிருந்து எந்த நுண்ணுயிரையும் சேர்ப்பதில்லை. எல்லாம் அந்தச் சேற்றிலேயே இருந்தவை. எது எந்த உயரத்தில் பெருகும் என்பதை வெளிச்சம், ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

மூன்றில் பலரும் கோட்டைவிடுவது சல்பைடில். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் இந்த வாயு அடியில் உண்டாகி மேலே ஏற வேண்டும். ஆக்சிஜன் மேலிருந்து கீழே இறங்குகிறது. இரண்டும் எதிரெதிரே வருவதால் ஒவ்வொரு உயரத்திலும் இவற்றின் அளவு மாறுகிறது, அதற்கேற்ப அங்கே வாழக்கூடிய உயிரும் மாறுகிறது. கீழே சொல்லியிருக்கும் அளவுகளில் பெரும்பாலானவை சல்பைடு போதுமான அளவில், நிதானமாக வருவதற்கான ஏற்பாடுதான்.

தூணுக்குப் பெயர் தந்த நுண்ணுயிரியலாளர், கீவ் நகரில் 1856-ல் பிறந்த செர்கெய் வினோகிராட்ஸ்கி, 1880-களில் ஸ்ட்ராஸ்பூர்கில் பெக்கியடோவா என்ற இழைவடிவ பாக்டீரியாவை ஆராய்ந்தார். ஹைட்ரஜன் சல்பைடை ஆக்சிஜனேற்றம் செய்து அதிலிருந்தே அது ஆற்றல் பெறுகிறது என்று 1887-ல் எழுதினார். கனிமப் பொருளைக் கொண்டே பிழைக்கும் உயிர்கள் உண்டு என்ற கருத்து அங்கிருந்துதான் வேர்பிடித்தது. அதே பெக்கியடோவா உங்கள் பாட்டிலிலும் வெள்ளை இழைகளாகத் தலைகாட்டலாம்.

சேறு எங்கே எடுப்பது

ஏரி, குளம், கண்மாய், நெல் வயல், உப்பங்கழி எதுவானாலும் சரி. கரையோரம் தண்ணீர் கணுக்கால் அளவு நிற்கும் இடத்தில் மேல் மண்ணை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று செ.மீ. கீழே சேறு கருப்பாக இருந்து, லேசான முட்டை நாற்றம் வந்தால் அதுதான் இடம். வெறும் ஆற்று மணல் உதவாது. அதில் கரிமப் பொருளும் குறைவு, மணல்துகள்களுக்கிடையே ஆக்சிஜன் எளிதாக இறங்கவும் செய்யும்.

செம்மண் பாங்கான குளத்துச் சேறு தவறில்லை, ஆனால் பொறுமை வேண்டும். செம்மண்ணின் நிறமே இரும்பு ஆக்சைடுதான். உண்டாகும் சல்பைடை அந்த இரும்பு பிடித்து, கருப்பு இரும்பு சல்பைடாக மாற்றிக்கொண்டே இருக்கும். இரும்பு தீர்ந்த பிறகுதான் மிச்ச சல்பைடு மேலே ஏறும், ஊதாப் பட்டைக்கு உணவு கிடைக்கும். கரிசல் பாங்கான அல்லது கழிமுக வண்டலில் பட்டைகள் முன்னதாகவே வருவதுண்டு.

முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற உப்பங்கழிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது (சல்பைடு உண்டாவது சல்பேட்டிலிருந்துதான், ஜிப்சமும் ஒரு சல்பேட்தான்), அதனால் ஜிப்சம் சேர்க்காமலே தூண் கருக்கும். ஆனால் பிச்சாவரம் போன்ற காப்புக்காட்டு எல்லைக்குள் மண் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். வெளியே கிடைக்கும் சேறே போதும்.

சாக்கடை கலக்கும் இடம், சாயப்பட்டறை அல்லது தோல் தொழிற்சாலைக் கழிவு வரும் ஆறு ஆகியவற்றைத் தவிருங்கள். முதலாவதில் நோய்க்கிருமிகள், மற்றவற்றில் குரோமியம் போன்ற உலோகங்கள். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்க வாய்ப்புண்டு. கையிலோ காலிலோ காயம் இருந்தால் இறங்காதீர்கள். கையுறை, ரப்பர் செருப்பு கட்டாயம்.

ஒரு பாட்டிலுக்கு ஒரு லிட்டர் சேறும், அதே இடத்து நீர் அரை லிட்டரும் எடுத்துக்கொண்டால் தாராளம்.

தேவையான பொருள்கள்

பாட்டில்: பக்கங்கள் நேராக, வழவழவென்று இருக்கும் 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். வரிப்பள்ளம் உள்ள பாட்டிலில் பட்டையின் எல்லையை அளக்க முடியாது. கழுத்துக்குக் கீழே வட்டமாக வெட்டினால் சுமார் 20 செ.மீ. உயரமுள்ள தூண் கிடைக்கும். வெட்டிய தலைப்பகுதியைக் கவிழ்த்தால் அதுவே புனல்.

காகிதம்: செய்தித்தாளின் ஒரு தாளில் பாதி, அதாவது சுமார் 5 கிராம். சிறு துண்டுகளாகக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, கையால் பிசைந்து கூழாக்குங்கள். சேற்றிலுள்ள குளோஸ்டிரிடியம் வகை பாக்டீரியாக்கள் இந்தச் செல்லுலோஸை நொதிக்கவைத்து அமிலங்களாக்கும், அந்த அமிலங்களைத்தான் சல்பேட்டைச் சிதைத்து சல்பைடாக்கும் டெசல்ஃபோவிப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் உண்ணும். வைக்கோலை அரை செ.மீ. துண்டுகளாக நறுக்கியும் போடலாம், வேகம் குறையும். சர்க்கரை மட்டும் வேண்டாம். ஒரே வாரத்தில் புளித்து, அமிலமும் வாயுவும் பொங்கி, தூண் உடைந்துபோகும்.

சல்பேட்: ஜிப்சம் ஒரு தேக்கரண்டி, சுமார் 5 கிராம். நிலக்கடலைக்குப் போடும் அதே ஜிப்சம், உரக்கடையில் கிடைக்கும். ஜிப்சம் தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் சொச்சம்தான் கரையும். கரையாத மிச்சம் அடியிலேயே இருந்து, செலவாகச் செலவாகக் கரைந்து கொடுக்கும். எப்சம் உப்பும் சல்பேட்தான், ஆனால் மொத்தமும் உடனே கரைந்து மேலே பரவிவிடும் என்பதால் இரண்டாம் பட்சம். பல செய்முறைகளில் முட்டை மஞ்சள்கரு சொல்லப்படும். அதிலும் கந்தகம் உண்டு, ஆனால் அழுகும் நாற்றமும் வாயுவும் மிக அதிகம். முதல் தூணுக்கு ஜிப்சமே மேல்.

கார்பனேட்: ஒரு முட்டையின் ஓட்டைக் கழுவிக் காயவைத்து மிக்ஸியில் பொடித்தால் ஏறத்தாழ 5 கிராம் வரும், அது போதும். நொதித்தலில் வரும் அமிலத்தை இது சமன்செய்யும், கார்பன் டை ஆக்சைடும் தரும்.

இந்த இடத்தில் பள்ளிக்கூட சாக்பீஸ் ஒரு குழப்பம். வெளிநாட்டுச் செய்முறைகள் சாக்பீஸைக் கார்பனேட் என்று சொல்லும். நம் ஊரில் விற்கும் சாக்பீஸ் பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்தது, அது சல்பேட். சந்தேகமிருந்தால் பொடியின்மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் கார்பனேட், சும்மா ஊறினால் ஜிப்சம் வகை. கோலமாவுக்கும் இதே சோதனை. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கிட்டேயே சேர்க்காதீர்கள். அது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதன் காரத்தன்மையில் நீங்கள் வளர்க்க நினைப்பவை பிழைக்காது.

நிரப்பும் முறை

சேற்றை ஒரு வாளியில் கொட்டி கல், குச்சி, வேர், நத்தை, புழு எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். புழுக்களும் நத்தைகளும் சேற்றைக் குடைந்து ஆக்சிஜனை உள்ளே இறக்கும், பட்டைகளைக் கலைக்கும், செத்தால் அங்கே மட்டும் அழுகல் திட்டு வரும். பிறகு அதே குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கெட்டியாக இருந்தால் இடையில் காற்றுப்பை மாட்டும், நீர்த்துப்போனால் மணல் கீழும் வண்டல் மேலுமாகத் தனித்தனியே படிந்துவிடும். குழாய்த் தண்ணீர்தான் இருக்கிறதென்றால் வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்து, குளோரின் போனபின் பயன்படுத்துங்கள்.

சேற்றில் 250 மி.லி. தனியே எடுத்து, அதில் காகிதக் கூழ், ஜிப்சம், ஓட்டுப்பொடி மூன்றையும் கலந்து பாட்டிலின் அடியில் போடுங்கள். 5 செ.மீ. உயரம் வரும். அதற்குமேல் எதுவும் கலக்காத சேறு 8 அல்லது 9 செ.மீ. ஒவ்வொரு இரண்டு செ.மீ. போட்டதும் மடித்த துணியின்மேல் பாட்டிலின் அடியைத் தட்டுங்கள், மெல்லிய குச்சியால் சுவரோரம் குத்திக் குமிழிகளை வெளியேற்றுங்கள். சுவரில் நிற்கும் குமிழி பின்னால் வெறும் ஓட்டையாகத் தெரியும், பட்டை அங்கே அறுந்துபோகும்.

மேலே குளத்து நீர் 3 முதல் 4 செ.மீ. ஒரு கரண்டியின் முதுகில் ஊற்றினால் சேறு கலங்காது. மீதி 2 அல்லது 3 செ.மீ. காலியாக இருக்கட்டும். வாயு சேற்றைத் தூக்கும்போது அந்த இடம் தேவைப்படும்.

வாயைச் சமையலறை பிளாஸ்டிக் உறையால் மூடி ரப்பர் பேண்ட் போட்டு, குண்டூசியால் நான்கைந்து துளையிடுங்கள். இறுக்கமாக அடைக்கவே கூடாது, குறிப்பாகக் கண்ணாடி ஜாடியை. மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு என்று வாயு சேர்ந்துகொண்டே இருக்கும். திறந்தும் வைக்கக் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இரண்டு விரற்கடைத் தண்ணீர் தாராளம். குண்டூசித் துளையில் வாயு போகும், கொசு வராது.

பாட்டிலில் செ.மீ. குறித்த காகித நாடா ஒன்றை மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். தேதி, சேறு எடுத்த இடம், என்னென்ன எவ்வளவு போட்டீர்கள் என்பதையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

வெளிச்சம்

நேர் வெயில் ஆகாது. வெயிலில் வைத்த பாட்டில் கருஞ்சேற்றோடு சேர்ந்து கொதிக்கும், மேல்நீரில் பாசி பொங்கி அடியிலுள்ள பட்டைகளுக்கு வெளிச்சமே போகாது. 25 முதல் 32 டிகிரி வெப்பத்தில், பகல் முழுதும் பரவலான வெளிச்சம் வரும் ஜன்னலோரம் நல்லது. வெளிநாட்டுச் செய்முறைகளில் வடக்குப் பார்த்த ஜன்னல் என்று எழுதப்பட்டிருப்பது ஐரோப்பா, அமெரிக்காவுக்குச் சரி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சித்திரை முதல் ஆடி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது, அப்போது வடக்கு ஜன்னலிலும் வெயில் விழும். அந்த மாதங்களில் மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்கள்.

விளக்கு வைத்து வளர்ப்பவர்கள் அதிகம் ஏமாறுவது எல்இடி பல்பில். ஊதா கந்தக பாக்டீரியாவான குரோமாட்டியம், நம் கண்ணுக்குத் தெரியாத 800 முதல் 890 நானோமீட்டர் அகச்சிவப்பை உறிஞ்சி வாழக்கூடியது. பச்சை கந்தக பாக்டீரியாவான குளோரோபியத்துக்கு 750 நானோமீட்டரை ஒட்டிய ஒளி. வீட்டு வெள்ளை எல்இடி நம் கண்ணுக்கென்று செய்தது, அந்தப் பகுதியில் அது கொடுப்பது சொற்பம். அறை பளிச்சென்று இருக்கும். தூண் மாதக்கணக்கில் கருப்பாகவே கிடக்கும். பழைய 40 வாட் குண்டு பல்பை 40 செ.மீ. தள்ளி வைத்தால் வேலை நடக்கும். பாட்டிலைத் தொட்டால் சுடக்கூடாது. வெப்பம் தடுக்கும் படலம் ஒட்டிய ஜன்னல் கண்ணாடியும் இதே காரணத்தால் உதவாது, அது அகச்சிவப்பைத்தான் முதலில் வெட்டும்.

வைத்த பாட்டிலைத் திருப்பாதீர்கள், நகர்த்தாதீர்கள். சேற்றுக்குள் வெளிச்சம் சில மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. நீங்கள் பார்க்கும் பட்டைகள் சுவரையொட்டிய ஒரு தோல் மட்டுமே, உள்ளே முழுக்கக் கருப்புதான். வெளிச்சம் படும் பக்கம் அந்தத் தோல் தடிமனாக வளரும்.

என்ன, எப்போது தெரியும்

முதல் இரண்டு மூன்று நாளில் கலங்கல் படிந்து நீர் தெளியும். முதல் வாரத்துக்குள் சேற்றில் விரிசல்களும் குமிழிகளும் வரும். காகிதம் நொதிக்கத் தொடங்கிவிட்டது. அடியில் சாம்பல் திட்டுகள் தோன்றிக் கருக்கத் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் கருப்பு மேலே ஏறும். இது இரும்பு சல்பைடு. கருப்பு ஏறும் உயரத்தை நாடாவில் பார்த்து வாராவாரம் எழுதுங்கள். சல்பைடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு வீட்டிலிருந்தே கிடைக்கும் அளவு அதுதான்.

இதற்கிடையில் நீருக்கும் சேற்றுக்கும் இடைப்பட்ட பரப்பில் பச்சையும் பழுப்பும் படரும். பச்சை பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி, பழுப்பு டயட்டம் என்ற ஒருசெல் பாசி. ஆக்சிஜன் வெளியிடும் ஒளிச்சேர்க்கை இங்கேயும் மேல்நீரிலும் மட்டும்தான் நடக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே துருநிறக் கோடு வந்தால், கீழிருந்து கரைந்து வரும் இரும்பு ஆக்சிஜனைச் சந்திக்கும் இடம் அது.

நான்கிலிருந்து ஆறு வாரங்களில் ஊதா புள்ளிகள் கருப்பின் மேல் விளிம்பையொட்டித் தோன்றும். குண்டூசித் தலை அளவில் தொடங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து, ஒயின் நிறத் திட்டாகும். இது ஊதா கந்தக பாக்டீரியா. தண்ணீரை உடைப்பதற்குப் பதில் ஹைட்ரஜன் சல்பைடை உடைத்து ஒளிச்சேர்க்கை செய்வதால் ஆக்சிஜன் வெளிவராது, கந்தகம்தான் மிஞ்சும். அதைத் தன் செல்லுக்குள்ளேயே மணிமணியாகச் சேர்த்து வைக்கும். இதற்குக் கீழே, சல்பைடு இன்னும் அதிகமான, வெளிச்சம் இன்னும் குறைந்த இடத்தில், ஆலிவ் பச்சையாகக் குளோரோபியம் வரும். அது கந்தகத்தைச் செல்லுக்கு வெளியே விடும். மேல்பாசியின் புல்பச்சையும் இந்த மங்கலான பச்சையும் வேறு வேறு, உயரத்தைப் பார்த்தால் குழப்பம் வராது. ஊதாவுக்கு மேலே செங்கல் நிறமோ ஆரஞ்சோ தெரிந்தால், சல்பைடு அதிகம் தாங்காத, கரிம அமிலங்களை உண்ணும் ரோடோஸ்பைரில்லம் வகையாக இருக்கலாம்.

எல்லாத் தூணிலும் எல்லாப் பட்டையும் வராது. ஊதாவும் கருப்பும் தெளிவாக வந்துவிட்டாலே நல்ல தூண். பச்சை பல சமயம் மூன்றாம் மாதத்துக்குத்தான் வரும்.

பதிவு செய்வது

வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே தூரத்தில் படம் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், வளைந்த சுவரில் பளிச்சென்று எதிரொளித்துப் பட்டையை மறைக்கும். பாட்டிலருகே ஒரு வெள்ளைத் தாளை வைத்தால், போன் கேமரா நிறத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருப்பதைப் பின்னால் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம்.

படத்தைவிட நம்பகமானது வரைபடம். ஒளிபுகும் ஓஎச்பி தாளைப் பாட்டிலில் சுற்றி, விளிம்பைக் குறித்துக்கொண்டு, பட்டைகளின் எல்லையை மார்க்கரால் வரையுங்கள். ஒவ்வொரு வாரமும் வேறு நிற மார்க்கர். எட்டு வாரத்தில் ஒரே தாளில் கருப்பு ஏறிய பாதையும் ஊதா பரவிய விதமும் கோடுகளாகக் கிடைக்கும். பட்டை பின்வாங்குவதும் உண்டு, படத்தில் அது எளிதில் கண்ணுக்குப் படாது.

நுண்ணோக்கி இருந்தால், நிரப்பும்போதே ஒரு கண்ணாடி ஸ்லைடைச் சுவரையொட்டிச் செங்குத்தாகப் புதைத்து, மேல்முனையில் நைலான் நூல் கட்டி வெளியே விடுங்கள். இரண்டு மாதம் கழித்து மெதுவாக இழுத்தால், பட்டைகள் வரிசை மாறாமல் ஸ்லைடில் ஒட்டி வரும். உள்பக்கத்தைத் துடைத்துவிட்டு, சுவர்ப்பக்கத்தில் ஒரு சொட்டு நீர் விட்டு மூடிக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். 400 மடங்கில் பெரிய ஊதா செல்களுக்குள் கந்தக மணிகள் மினுங்குவது தெரியும். 140 மடங்கு பெருக்கும் ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியில் நீலப்பச்சைப் பாசி இழைகளையும் டயட்டங்களையும் பார்க்கலாம். குளோரோபியம் அதில் அகப்படாது, ஒரு மைக்ரானை ஒட்டிய அளவு அது.

சரியாக வராதபோது

எட்டு வாரமாகியும் கருக்கவே இல்லை: சேறு மணற்பாங்கு, அல்லது சல்பேட்டும் காகிதமும் குறைவு. மேலே எதையும் தூவிப் பயனில்லை. அடியை மாற்ற வேண்டும், புதிதாகத் தொடங்குங்கள்.

முழுக்கக் கருப்பு, நிறமே இல்லை: முதலில் விளக்கைச் சந்தேகப்படுங்கள், அடுத்து இரும்பை. உறையை லேசாக விலக்கிக் கையால் விசிறிப் பாருங்கள். முட்டை நாற்றம் கொஞ்சமும் இல்லையென்றால் இரும்பு இன்னும் சல்பைடைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, காத்திருந்தால் வரும். நாற்றம் பலமாக இருந்தும் நிறம் இல்லையென்றால் வெளிச்சக் கோளாறு.

சேறு இரண்டாகப் பிளந்து மேல்பாதி தூக்கிக்கொண்டது: காகிதம் அதிகம். பாட்டிலின் அடியை மெதுவாகத் தட்டினால் வாயு பிரிந்து சேறு இறங்கும். குச்சிவிட்டுக் குத்தினால் ஆக்சிஜன் உள்ளே போய்விடும்.

மேல்நீர் பச்சைக் குழம்பாகிவிட்டது: வெளிச்சம் மிகுதி. நீர் நிற்கும் உயரத்துக்கு மட்டும் கருப்புத் தாள் சுற்றுங்கள், சேற்றுப் பகுதி திறந்தே இருக்கட்டும்.

நீர் வற்றுகிறது: நிற்கவைத்த குழாய் நீரோ மழைநீரோ ஊற்றுங்கள். உப்பங்கழித் தூணுக்கும் நல்ல தண்ணீர்தான். ஆவியாவது நீர் மட்டும், உப்பு உள்ளேயே இருக்கிறது. கடல்நீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால் உப்பளமாகிவிடும்.

மிதக்கும் காகிதத்தில் வெள்ளைப் பூஞ்சணம்: ஒரு இடுக்கியால் எடுத்துப் போடுங்கள், வேறு பாதிப்பில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க

ஒரே வாளிச் சேற்றில் நான்கு பாட்டில்: முழுச் செய்முறை, ஜிப்சம் இல்லாதது, காகிதம் இல்லாதது, முழுச் செய்முறையில் அலுமினியத் தாள் சுற்றியது. ஒரு பாட்டிலில் ஒரு மாற்றம் மட்டுமே. அலுமினியத் தாள் சுற்றியதை எட்டாம் வாரம் பிரித்தால் அதுவும் கருத்திருக்கும், ஊதா மட்டும் இருக்காது. சல்பேட் சிதைவுக்கு ஒளி தேவையில்லை, ஊதாவுக்குத் தேவை என்பது அந்த இரண்டு பாட்டிலிலேயே தெரிந்துவிடும். ஐந்தாவதாக இரும்பாணிகள் நான்கைந்தைச் சுவரோரம் புதைத்தும் பார்க்கலாம்.

பள்ளிச் செயல்திட்டங்களில் சிவப்பு, நீலக் கண்ணாடித் தாள் சுற்றி ஒளியின் நிறத்தைச் சோதிப்பது வழக்கம். முடிவு குழப்பமாகவே வரும். அந்தத் தாள்களின் சாயம் நாம் பார்க்கும் ஒளியைத்தான் தடுக்கிறது, அகச்சிவப்பைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறது. நீலத் தாளுக்குள்ளும் ஊதா பாக்டீரியா வளர்ந்தால் வியக்க வேண்டாம்.

பாதுகாப்பும் அப்புறப்படுத்துவதும்

மூக்கைப் பாட்டில் வாயில் வைத்து முகராதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயு, செறிவு கூடினால் மூக்கை மரத்துப்போகச் செய்து, இல்லாததுபோல் காட்டும். ஒரு பாட்டிலில் வரும் அளவு சொற்பம்தான், ஆனால் வகுப்புக்கு முப்பது பாட்டிலை அடைத்த அலமாரியில் வைப்பது வேறு கதை. காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக்கூடாது, மீத்தேன் இருக்கிறது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் கைவைக்க வேண்டாம்.

தூண் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும், நீர் மட்டும் விட்டுவந்தால் போதும். கலைக்கும்போது வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள், குழாய் அடைப்பதோடு நாற்றம் நாள்கணக்கில் போகாது. குடிநீர்க் கிணற்றிலிருந்து தள்ளி ஒரு முழம் குழி தோண்டிக் கொட்டி மூடிவிடுங்கள். எடுத்த குளத்திலேயே திரும்ப விடவும் வேண்டாம். பாட்டிலை பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைக்கும் முன் சேறு முழுவதும் போகக் கழுவிவிடுங்கள். கையுறையைக் கழற்றியபின் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.